உப்பு ஒத்தடம்

ஸ்ரீவில்லிபுத்தூரின் கடைசி வீடுகள் பின்னால் போய்விட்டன. ராஜபாளையம் சாலையில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு. மலைப் பக்கமிருந்து இறங்கிய காற்று ஆளைச் சாலைக்குள் தள்ளியது. பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. நான் எதிலும் ஏறவில்லை. ஏறினால் எங்கள் ஊர் மம்சாபுரத்து ஆள் யாராவது உட்கார்ந்திருப்பார். அண்ணனுக்கு இப்போ எப்படி இருக்கு என்று கேட்பார்.

அண்ணனின் காலை ஒத்தடச் சூட்டில் பொசுக்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பூசி மெழுகியதாகத்தான் இருக்கும்.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வாசல் காவலுக்கு இருந்தார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டுகிறவன், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியில் குழாய் மாட்டுகிறவன் என்று எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் வீட்டில் மதினி கையால்தான் சோறு. எப்போ போகப் போற என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு காலையில், கல்லூரிப் பேருந்துகள் உள்ளே வந்துகொண்டிருந்தபோது, கையைத் தூக்கி வண்டியை நிறுத்தப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் இழுத்தது. நான் கர்நாடகத்தில் போர் போடும் வண்டியோடு இருந்தேன். வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. மதுரையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சர்க்கரை வேறு இருந்தது.

அதன்பிறகு என் வேலை அண்ணன்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூத்திரப் பாத்திரம் பிடிக்க வேண்டும். வாயில் கஞ்சி ஒரு பக்கமாகத் தேங்கினால் விரல் விட்டு எடுக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்றே ஒன்றுதான். பாத்திரத்தைப் பிடிக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணுக்குப் போக ஒரு ஆளு வேண்டாம்னா போதும்லே. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அதற்காகத்தான் தினமும் ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் நிற்கப் பழக்கினார்கள். சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண். முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது: காலில் உணர்ச்சி இல்லை, அதனால் வெந்நீர், ஒத்தடம் என்று எந்தச் சூடும் வைக்கக் கூடாது, முதல் சில மாதம் பயிற்சியை விட்டால் பிறகு கால் பிடி கொடுக்காது, ஒருநாள்கூடத் தவறக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்குப் புரியாமலும் இல்லை.

ஆறாவது வாரம் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டாளத்தில் எண்ணுகிற மாதிரி இந்தியில் எண்ணினார். பத்து வரை வந்தது. பக்கத்தில் கை ஒடிந்து வந்திருந்த பெரியவர், "இனிமே பொழுதன்னைக்கும் பரேடுதான், நாம தூங்குன மாதிரிதான்" என்று சொல்ல, அண்ணன் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். தீபாவளிக்குள் கம்போடு நடக்க வைத்துவிடலாம் என்றது அந்தப் பெண்.

வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். புறா ரத்தம் தடவச் சொன்னவர்கள் உண்டு. அதை மதினி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாதநாராயண இலையும் கல்லுப்பும் சேர்த்து ஒத்தடம் என்பதை எல்லோருமே சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கை கால் விழுந்தவனுக்கு அதைக் கொடுக்காமல் விட்டால் வீட்டார் கவனிக்கவில்லை என்றுதான் பேச்சு வரும். எனக்கு அது கைவந்த வேலையும்கூட. போர் வண்டியில் இடுப்பு பிடித்தவனுக்கெல்லாம் நான்தான் உப்பை வறுத்துக் கட்டி ஒத்தடம் கொடுப்பேன்.

அந்தப் பெண் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் முதலில் சோதித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலையை வதக்கி, உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, நன்றாக ஆறவிட்டு, வெதுவெதுப்பாக அவர் பாதத்தில் வைத்தேன்.

"தெரியுதாண்ணே?"

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தெரியுதுலே," என்றார். "எதமா இருக்கு."

நான் அடுப்படிக்கு ஓடினேன். மதினி கையைத் துடைக்காமலே வந்து அந்தக் காலைத் தொட்டார். மாவுக் கையின் தடம் அதில் அப்படியே பதிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உணர்ச்சி இல்லாததால்தானே சூடு கூடாது என்றார்கள். உணர்ச்சிதான் வந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லவில்லை. அண்ணனே ஒருநாள் தானாகச் சொல்லட்டும், அந்தப் பெண் அசந்து போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். ஆனால் என் கை குழாய் பிடித்துக் காய்த்த கை. மூன்றாம் நாள் ராத்திரி மூட்டையைப் பாதத்தின் அடியில் கொடுத்துத் துண்டால் சுற்றிக் கட்டி அப்படியே விட்டேன். பதமா இருக்காண்ணே என்று கேட்டேன். பதமா இருக்கு என்றார்.

நான்காம் நாள் காலையில் துண்டை அவிழ்த்தபோது உள்ளங்கால் தோல் துண்டோடு வந்தது.

அவருக்கு வலிக்கவில்லை. நான் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்று கேட்டார்.

மறுபடியும் படுக்கை, இந்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில். சர்க்கரை உடம்பு, புண் குழிந்துகொண்டே போனது. தினமும் காலையில் கட்டுப் பிரிப்பார்கள். உள்ளே வைத்த துணியை இடுக்கியால் இழுக்கும்போது நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைப் போகச் சொல்வார்கள். போகமாட்டேன். காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்றால் அது புண்ணைப் பொறுத்தது என்றார்கள். இரண்டு வாரத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கணுக்கால் அப்படியே இறுக ஆரம்பித்தது. பத்து எண்ணிய கால் அதுதான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் கிளம்பிய அன்று மத்தியானம் அந்தப் பெண் வார்டுக்கே வந்தது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் முழங்காலுக்குக் கீழே அங்கங்கே அழுத்தி, இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் ஒத்தடம் கொடுத்தபோது எப்படித் தெரிந்தது என்று கேட்டது.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பவும் ஒண்ணும் தெரியலம்மா. அவன் மொகத்தப் பாத்தேன். தெரியலன்னு சொல்ல வாய் வரல."

கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும்.

மதினி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"கொழுந்தனாரே, நீங்க போயிருங்க. உங்க மேல கோவம்னு நெனைக்காதிய. நீங்க பக்கத்துல இருந்தா அவிய உங்களுக்காவ பொய் சொல்லுவாக. வலிச்சா வலிக்கலம்பாக. வலிக்கலன்னா வலிக்குதும்பாக. எங்கிட்டன்னா உள்ளதச் சொல்லுவாக. திட்டிக்கிட்டாவது சொல்லுவாக."

கட்டிலுக்கு அடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். வாரேன் என்று சொல்லவில்லை. சொன்னால் எங்கே போகிறாய் என்று கேட்பார்.

இப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தேன். மம்சாபுரம் திருப்பம் வந்தபோது நிற்காமல் தாண்டினேன். ஒரு டீக்கடையில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தேன். எல்லா ஊரையும் இப்படித்தான் விட்டுப் போயிருக்கிறேன். நடக்க நடக்க பின்னால் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். அன்று ஒன்றும் கழலவில்லை. என் இரண்டு உள்ளங்காலும் ஒவ்வொரு எட்டுக்கும் தார்ச் சூட்டைச் சொல்லிக்கொண்டே வந்தன.

ராஜபாளையத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்குத் தெற்கே செங்கோட்டை லாரிகள் நிற்கிற இடத்துக்குப் போனேன். கேரளாவுக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகும் ஒரு டிரைவர், கிளீனர் வரவில்லை, ஏறுகிறாயா என்று கேட்டார். பையை மேலே கொடுத்துவிட்டேன். ஒரு காலைப் படியில் வைத்த பிறகு, ஒரு நிமிடம் என்று சொல்லி மதினிக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார்.

அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சாப்பிடவில்லை என்றார். நான் எங்கே என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாராம்.

"நீங்க எங்கன இருக்கீய?"

சொன்னேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் நடுவே மதினி சொன்னார்.

"இங்க வர வேண்டாம். ரொம்பத் தொலவுக்கும் போயிராதிய. அவிய கேட்டா, பக்கத்துலதான் இருக்காவன்னு நான் பொய் சொல்ல முடியாது."

பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். டிரைவர் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பேருந்து நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் படுத்து எழுந்தேன். காலையில் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணிக் கம்பெனிகளில் எப்போதும் ஆள் எடுப்பார்கள் என்றார்.

நான் போனது தறி ஓடும் இடமல்ல, துணியை வேகவைத்து வெளுக்கும் இடம். வாசலில் இருந்தே மருந்து நெடி அடித்தது. முற்றம் முழுக்கக் கயிறு கட்டி வெள்ளைத் துணியைக் காயப் போட்டிருந்தார்கள். அதே துணிதான். அதே சல்லடைக் கண், அதே அகலம். அண்ணன் காலிலிருந்து தினமும் எடுப்பதைப் பார்த்த எனக்கு வேறு அடையாளம் வேண்டியிருக்கவில்லை.

சூப்பர்வைசர் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. தொட்டியிலிருந்து துணியைச் சூட்டோடு இழுத்துப் போடும் வேலைதான் இருக்கிறது, வருகிறவன் எவனும் இரண்டு நாள் நிற்பதில்லை என்றார். என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை சூடு தாங்குமா?"

தாங்கும் என்றேன். அன்றைக்கே தொட்டிப் பக்கம் நிறுத்திவிட்டார்.