மவுத்து என்ற சொல் நடந்த தூரம்

ஜெர்மனியில் நான் நர்ஸ் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒருவர் செத்தால் யாரும் வாய் திறப்பதில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை இருக்கிறது. அதில் செத்தவரின் படத்தை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போவார்கள். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு கிழவி இறந்ததும் சாப்பாட்டு அறைக்குள் ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தலைமை நர்ஸ் என்னை ஓரமாக அழைத்துப் போய், "நீ சொல்ல வேண்டாம், மெழுகுவர்த்தி சொல்லும்" என்றாள். "அதற்கு வாய் இல்லையே" என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தாள். நான் ஜோக் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வாய் என் அப்பாவுடையது.

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குள் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால், கேதம் சொல்ல, அதாவது சாவுச் செய்தி சொல்ல, எங்கள் காலனியிலிருந்து ஒரு ஆள் போக வேண்டும். அதை வேலை என்று சொல்ல மாட்டேன். கட்டளை. செத்தவரின் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் அப்பா கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் வெயிலில் நடப்பார். தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று இன்னார் செத்தார் என்று சொல்ல வேண்டும். உள்ளே அழுகை கிளம்பும். சொன்னவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று ஒரு நாயும் கேட்காது. அவருக்கு முனியாண்டி என்று பெயர் உண்டு. அங்கே அவர் வெறும் "டேய்" தான்.

திரும்பி வந்து அம்மாவிடம் கத்துவார். "எவன் செத்தாலும் நான் நடக்கணும். நான் செத்தா எவன்டி எனக்காக நடப்பான்?"

"மொதல்ல கால நீட்டு, எண்ணெய் தேய்க்கிறேன். சாவுறதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்பாள் அம்மா.

ஒரு நாள் அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்களை ஒரு வயலிலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மதுரைக்கு வந்தோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா மூட்டை தூக்கினார். மார்க்கெட் வாசலில் டீக்கடை வைத்திருந்த பாய் ஒரு காலையில் கடையைத் திறக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். "அண்ணே, அம்மா மவுத்தாயிட்டாங்க. நீங்க வரணும்" என்றார். காலனிக்கு வெளியே இருந்து ஒரு ஆள் அப்பாவைத் தேடி வந்து கேதம் சொன்னது அதுதான் முதல் தடவை. குளித்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சாவுக்கு மவுத்து என்ற சொல்லை அன்றுதான் நான் முதலில் கேட்டேன்.

போன மாதம் காலை ஷிப்டின் இடைவேளையில் லாக்கரைத் திறந்தால், போனில் தம்பியின் அழைப்புகள் குவிந்து கிடந்தன. கூப்பிட்டேன்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. தூக்கத்துலயே."

"எப்படா எடுக்குறீங்க?"

"சாயங்காலம். நீ வந்து சேர முடியாதுக்கா."

"எல்லாருக்கும் யாரு சொன்னா?"

"வாட்ஸாப்புல போட்டுட்டேன்."

"ஊருக்குள்ள? பெரிய வீட்டுக்கு?"

"அவிய்ங்களுக்கு எதுக்கு? சொன்னா மட்டும் வந்துருவாய்ங்களா?"

அம்புட்டு ஊருக்கு நடந்த மனுசனுக்கு ஒரு மெசேஜ். தம்பி மேல் தப்பில்லை. ஆனாலும் அப்பா கேட்ட கேள்விக்குக் கடைசியில் இதுதான் பதிலா? போனை வைத்துவிட்டுப் போய்ப் படுக்கை விரித்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் சாபா எரித்திரியாக்காரி. தலையணை உறையை நான் இரண்டாம் முறை தப்பாக மாட்டியதும் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஃபாட்டர்" என்றேன். அப்பா என்பதற்கு ஜெர்மன் சொல். உறையைத் திரும்பவும் கழற்றப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, தன் மொழியில் மெதுவாகக் கேட்டாள்.

"மோத்?"

எரித்திரியாக்காரி வாயில் டீக்கடை பாயின் சொல். தலையாட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு வராந்தாவில் நடந்து போனாள். சூடானில் வளர்ந்தவள், அரபியும் பேசுவாள். சலவைத் துணி வண்டியைத் தள்ளிவந்த கபிரியேலிடம் அரபியில் சொன்னாள். "மாத்" என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அவன் சிரியாவிலிருந்து வந்தவன், வீட்டில் சுரியானி மொழி பேசும் கிறிஸ்தவன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் இதே ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். அந்தப் பேச்சிலும் அதே சொல். "மவ்தோ."

கபிரியேல் அவன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். மதியம் அவனிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். ம, வ, த என்று மூன்று விரலை நீட்டினான். அரபியில் மவ்த். அவர்கள் வீட்டில் மவ்தோ. சாபாவின் திக்ரிஞா மொழியில் மோத். யூதர்களின் எபிரேயத்தில் மாவெத். பாபிலோனில் களிமண் பலகையில் எழுதியவர்கள் மூத்து என்றார்களாம். ஓரத்தில் நிற்கும் ம-வும் த-வும் அசையவே இல்லை. நடுவில் இருக்கும் வ மட்டும் ஒரு மொழியில் அப்படியே நிற்கிறது, ஒன்றில் ஓ-வாகக் கரைகிறது, ஒன்றில் ஊ-வாக நீள்கிறது.

"யார் யாரிடம் வாங்கியது?" என்றேன்.

"யாரும் வாங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தாய். அந்தத் தாய் பேசியதை எழுதி வைக்க அப்போது எழுத்தே இல்லை."

மதுரைக்கு மட்டும் அது பாயின் மதத்தோடு கடல் தாண்டி வந்திருக்கிறது. நான் படுக்கை விரிப்பவள், எனக்கு மொழி ஆராய்ச்சி தெரியாது. ஆனால் கேதம் சொல்லும் நடை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அந்தக் களிமண் பலகை எழுதிய ராஜ்ஜியம் போய்விட்டது. அந்த மொழியைப் பேசிய வாய்கள் மண்ணாகிவிட்டன. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட கூட்டங்கள்கூட இந்த ஒரு சொல்லைக் கீழே போடாமல் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் செத்திருக்கின்றன. அப்படி வந்த சொல் ஒரு வராந்தாவில் வாய்க்கு வாய் மாறி முனியாண்டிக்காக நடந்தது. யாரும் மிரட்டி அனுப்பவில்லை.

கபிரியேலின் அம்மா என் அப்பாவின் பெயரைக் கேட்டு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்கு என்னையும் வரச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. வாசலில் என் கை தானாக ஷூவுக்குப் போனது. தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலில் பழகிய கை. ஒன்றைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், உள்ளே எல்லோரும் செருப்போடு நிற்கிறார்கள். அந்த நேரத்தில்தான் தெருமுனையில் செருப்பைக் கையில் பிடித்து நின்ற அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அடுத்ததைக் கழற்றவும் முடியவில்லை, கழற்றியதை மாட்டவும் முடியவில்லை.

உள்ளே கபிரியேலின் அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றி நட்டுவிட்டு, வாய்விட்டுச் சொன்னாள். சுரியானியில் எனக்கு இரண்டே சொல்தான் புரிந்தது. ஒன்று மவ்தோ. மற்றொன்று, "முனியாந்தி."

ஒரு காலில் ஷூவும், ஒரு கால் குளிர்ந்த கல்லிலுமாக, வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.