பெரிய கங்காணிக்குக் கிடைக்காத ஓட்டு

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம்தான். அதனால் ஒரு நல்ல மனிதரின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறாமல் போயிற்று. உங்களிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

அப்போது நான் இலங்கையில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சட்டசபைக்கு ஆள் அனுப்பும் உரிமை எங்கள் பக்கம் எட்டிப்பார்த்த புதிது. எழுதப் படிக்கத் தெரிந்து, போதிய வருமானமும் உள்ள ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயங்களில் அப்போது மனுப் போட்டுத் தேறியவன் நான் ஒருவனே! "ஓட்டுக்காரரு வர்றாரு, வழிய விடுங்க" என்பார்கள். அந்தப் பெருமை தலைக்கேறிவிட்டது.

மறுமுறை பட்டியல் எடுத்தபோது பெரிய கங்காணி மாரிமுத்து அண்ணனும் மனுப் போட்டார். நான் காய்ச்சலில் கிடந்தபோது தன் கையால் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் அவர்... வாய் நிறையத் "தம்பி" என்பார்.

தோட்டத்து ஆபீசுக்குப் பதிவு அதிகாரி வந்தார். பக்கத்தில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை. "உட்கார்ந்து பேரையும் ஊரையும் எழுதும்" என்றார் அதிகாரி.

துரைக்கு முன்னால் கங்காணி உட்காருவதா? எங்கள் தோட்டத்தில் நடக்கிற காரியமா அது! அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே மேசைமேல் குனிந்தார். தாள் நழுவியது. மை சிந்தி, எழுத்தெல்லாம் கோணி... ஐயோ!

"இவருக்கு எழுத வருமா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

வரும்! அவர் வேலைக்குக் கூட்டிவந்த ஆட்கள் திருச்சிக்குப் போடும் கடிதமெல்லாம் அவர் கைப்பட எழுதியவைதாம். பாயில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, முத்து முத்தாக எழுதுவார். "துரை சொன்னால் உட்கார்ந்து எழுதுவாருங்க" என்று சொல்லியிருந்தால் போதும்.

"கொஞ்சம் கஷ்டந்தாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? இன்னொரு ஓட்டுக்காரரா என்ற அற்பப் பொறாமை! வேறொன்றுமில்லை.

அதிகாரி அவர் மனுவைத் தள்ளிவிட்டார். வெளியே வந்ததும், "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி? என் கைதான் மானத்த வாங்கிருச்சு" என்று என்னையே தேற்றினார் அந்த மனிதர்.

தேர்தலன்று பதுளை வரைக்கும் துணைக்கு நடந்து வந்தார். தூறலில் எனக்குக் குடை பிடித்தார்! நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும், "உள்ள என்ன தம்பி எழுதினீங்க?" என்று ஆவலாகக் கேட்டார்.

"எழுதலண்ணே. ரெண்டு கோட்டக் குறுக்கால இழுத்து ஒரு புள்ளடி போட்டேன்."

"அம்புட்டுத்தானா!" வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என் தோளில் கை போட்டு, "சரி விடுங்க... நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுட்டீங்கள்ல?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

இன்றும் ஞாயிறு தவறாமல் வந்து என்னோடு வெற்றிலை போடுகிறார். அன்று நான் சொன்னது பொறாமையில் வந்த பொய் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.