பதவி விலகியவர்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு முன்னாள் அமைச்சர் வந்தார். வரவேற்புக் கூட்டத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பதும், அவர் பேச்சைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. பள்ளி ஆசிரியர், நகராட்சி உறுப்பினர், எம்.பி., அமைச்சர் என்று எழுதி, நாடாளுமன்றத்தில் உண்மையை மறைத்ததற்காகப் பதவி விலகினார் என்று முடித்திருந்தேன்.

மேனேஜர் முகம் சுளித்தார். “இன்னாங்க இது? வந்த மனுஷன மேடையில வச்சு அசிங்கப்படுத்துவீங்களா? மக்களுக்காகப் பதவிய தியாகம் பண்ணாருன்னு போடுங்க.”

போட்டேன். எங்கள் பக்கம் ஒருவர் பதவி விலகினால் கட்சி மாறப் போகிறார் என்று அர்த்தம். வேறு காரணம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொன்னாடையும் சந்தன மாலையுமாக வியர்த்துக்கொண்டே அவர் மைக்கைப் பிடித்தார். “நான் சபையில் உண்மையை மறைத்தேன். அதனால் விலகினேன். அதுதான் சரி” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மக்களுக்காகப் பதவியத் தியாகம் பண்ணேன்னு ஐயா சொல்றாரு” என்றேன்.

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. உண்மையை ஒப்புக்கொண்டவனை இந்த ஊர் இப்படிக் கொண்டாடுகிறதே என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கண் கலங்கிக் கும்பிட்டார்.

நான் பதவி விலகவில்லை. வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் இப்போதும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.