குமரிமுனைக்கு நான் ஓட்டிய கார்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு மனு எழுதவேண்டும் என்றாலும் மகளிடம்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவள் என்னைப் பற்றியே எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையால் என் கணவருக்குப் பார்வை மங்கிவிட்டது. இனி கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், காரை விற்க அவர் ஆள் பேசிவிட்டார். நாற்பத்தேழு வயதில் நானும் லைசென்ஸ் எடுத்திருந்தேன். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் எனக்குக் கூச்சம் கொஞ்சம் விலகும். அதை எப்படி விடுவது? "நானே ஓட்டுதேன், விக்காண்டாம்" என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

அவர் சிரிக்கவில்லை. "கன்னியாகுமரி வரை ஓட்டு. பொறவு சொல்லுதேன்" என்றார்.

மும்பையிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காவும் கடல் நடுவே இருக்கிற பாறை மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கிற என் மகளும் சேர்ந்து நான்கு பேர். விடியற்காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

நாங்குநேரி தாண்டியும் நான் ஐம்பதைத் தாண்டவில்லை. பின்சீட்டிலிருந்து அக்கா, "ஏலே தம்பி, இறங்கி நடந்தா நாம முன்னால போயிரலாம் போலிருக்கே" என்றார்.

"நீ மும்பையில மூணு மணி நேரம் சிக்னல்ல நிப்பல்லா, அத நெனச்சுக்கோ" என்றார் கணவர்.

காவல்கிணறு பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே காற்று காரைத் தள்ளியது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் மரத்துவிட்டன.

கன்னியாகுமரியில்தான் தப்பு செய்தேன். கார் நிறுத்தும் இடத்துக்குப் போகிற வழி என்று நினைத்து, லாட்ஜுகள் நிறைந்த ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டேன். பாதி தூரம் போனபோது எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. இரண்டு பக்கமும் பைக்குகள் நிறுத்தியிருந்தார்கள். பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏலே, வெளிய நிக்கிற டிரைவர் யாரையாவது கூப்பிடு" என்றார் அக்கா. கணவரும் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

"கதவ அடைங்க" என்றேன். கதவு பைக்கில் இடித்துவிடுமோ என்றுதான் சொன்னேன். அது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

எங்கள் ஊர் வாய்க்கால் கரை ரோட்டில் இரண்டு வண்டி ஒதுங்க இடம் கிடையாது. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் மதகு வரை பின்னால் போகவேண்டும். எதிரே வருகிறவரிடம் 'நீங்க பின்னால போங்க' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எப்போதும் நானேதான் பின்னால் போவேன். வாழைத்தார் லாரிக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கி ஒதுங்கி, அந்த ஒரு வேலை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பைய பின்னால் வந்தேன். ஒரு பைக்கிலும் உரசாமல் சந்து முனைக்கு வந்து திருப்பி நிறுத்தினேன். தாண்டிப் போகும்போது பஸ்காரர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"எப்பா, பாத்தீங்களா?" என்றாள் மகள்.

"பாக்கத்தான் முடியலையே. ஆனா இடிக்கலங்கிறது தெரியுது" என்றார் அவர். பிறகு அக்காவிடம், "நான் ஓட்டியிருந்தா ரெண்டு பைக்கு விழுந்திருக்கும்" என்றார். அக்கா எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

படகில் போனோம். பாறை மண்டபத்தின் தியான அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். எனக்கு அங்கே ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கால் வலி மட்டும் நினைவிருக்கிறது. வெளியே கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றார்.

திரும்பும்போது வள்ளியூரில் டீ குடிக்க நிறுத்தினேன். அங்கே வைத்தே, காரை வாங்க இருந்தவரிடம் அவர் போனில் பேசினார்.

"அண்ணாச்சி, வண்டியக் குடுக்கல வே. ஆமா, ஓட்டுத ஆளு வீட்டுலயே இருக்கு."

மறுநாள் தூறல். அவரைப் பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் சொட்டு மருந்தை மாற்றி எழுதிக்கொடுத்தார்.