கைதட்டல் போதும், கேள்வி கேளுங்க

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை. சேலத்துக்கு அருகே ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில், எம்.ஏ. முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். "ஆடியில போய் யாராவது புதுசா ஒண்ண ஆரம்பிப்பாங்களா?" என்று உறவினர்கள் கேட்டதையும் மீறிப் போயிருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. என்னைப் பார்த்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று, "குட் மார்னிங் மேம்" என்றது. பதறிப்போய், "உக்காருங்க சாமி, நானும் படிக்கத்தான் வந்திருக்கறேன்" என்றேன். சிரிப்பு அடங்க வெகு நேரமானது.

எங்கள் ஊர் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம். பத்தொன்பது வயதில் திருமணம். பட்டப் படிப்பை அஞ்சல் வழியில்தான் முடித்தேன். எப்போது மழை பெய்தது, எந்தக் கிணறு என்றைக்கு வற்றியது, யார் வீட்டில் கல்யாணம் என்று எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம். கிளை நூலகத்தில் இருந்த வரலாற்று நூல்களைப் படித்து முடித்ததும், இதை முறையாகவே கற்றால் என்ன என்று தோன்றியது. மகன் வேலைக்குப் போன மாதமே விண்ணப்பித்துவிட்டேன்.

வகுப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கென்று இடம் விட்டார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவரான எங்கள் பேராசிரியர் மற்றவர்களை, "யாருய்யா உனக்கு இப்படிச் சொன்னது? ஆதாரம் எங்க?" என்று உலுக்கி எடுப்பார். என் பக்கம் திரும்பினால் குரல் மாறிவிடும். ஒருநாள் நான் தவறான பதிலைச் சொன்னேன். "ஆமாங்கம்மா, அப்படியும் சொல்லலாம்" என்று கடந்துபோனவர், அடுத்த பெஞ்சு மாணவன் அதே பதிலைச் சொன்னபோது வெளுத்து வாங்கினார்.

வீட்டில் வந்து புலம்பினேன். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் என் கணவர், "கேள்வி கேக்கலைன்னா நல்லதுதான? நம்ம கல்யாணத்துலகூட உன்ன இவ்வளவு மரியாதையா உக்கார வெக்கல" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. விருந்தாளியாக இருந்து பட்டம் வாங்கிப் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் பருவத்தில் சொந்தமாக ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கேள்விகள் தீரும்வரை உட்காரக் கூடாது. மாணவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் 'சந்தை'. மாட்டுச் சந்தைபோல் ஆளாளுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். எனக்கு முந்தைய வாரம் ஓமலூர்ப் பெண் ஒருத்தி கண் கலங்கிவிட்டாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் முறை வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் வயதை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. ஏரி நிரம்பி உபரி நீர் வெளியேறுவதை எங்கள் பக்கம் 'கோடி போவது' என்போம். "ஏரி கோடி போன வருசம் பொறந்தேன்" என்று சொன்னவர்களை எல்லாம் தேடிப்பிடித்து விசாரித்து, அவர்கள் பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்திருந்தேன். வாசித்து முடித்ததும் பலத்த கைதட்டல். "ரொம்ப அருமைங்கம்மா. உக்காருங்க" என்றார் பேராசிரியர்.

இப்போது உட்கார்ந்தால் இரண்டு வருடமும் விருந்தாளிதான். நின்றுகொண்டே, "கைதட்டல் போதுங்க சார். என்னையும் கேள்வி கேளுங்க. கேக்காம உட்டீங்கன்னா நாளையிலிருந்து நான் வரலீங்க" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஜேடர்பாளையத்து மாணவன் ஒருவன் எழுந்தான்.

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு சாமி."

"ஏரி ஒரே ஒரு தடவதான் கோடி போச்சுன்னு யாருங்க்கா சொன்னது? மூணு தடவ போயிருந்தா, ஆளுக்கு ஒண்ணச் சொல்லியிருப்பாங்க. நீங்க பாட்டுக்கு அத்தன பேரையும் ஒரே வருசத்துல பொறக்க வெச்சுட்டீங்களே!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல் இருந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? "அத நான் விசாரிக்கலீங்க" என்றேன்.

அடுத்து ஓமலூர்ப் பெண் எழுந்தாள். "ஏரி எதுக்குங்க்கா? பள்ளிக்கூட டி.சி.ல பொறந்த தேதி இருக்குதே, அதையே எடுத்திருக்கலாமே?"

"உங்கப்பாவுக்கு டி.சி.ல எந்த மாசம்?"

"ஜூன்."

"அப்பா அம்மாவுக்கு மே, ஜூன்னு இருக்கறவங்க எல்லாரும் கை தூக்குங்க" என்றேன். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. பேராசிரியரும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களுக்குத் தேதி தெரியாது. ஜூனில் சேர்ப்பதற்கு வயது சரியாக வரும்படி தலைமை ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். "எனக்கும் ஜூன் ஒண்ணுதானுங்க. எங்கம்மாவக் கேட்டா, பொரட்டாசி மழையில பொறந்தேன்னு சொல்லும். நான் நம்பறது எங்கம்மாவத்தான்."

"உங்கம்மா சொல்றதுக்கு என்னங்க்கா ஆதாரம்?" ஜேடர்பாளையத்தான் விடவில்லை.

"அடப்பாவி, பெத்தவளுக்கே ஆதாரம் கேக்கறயா?"

சிரிப்புக்கு நடுவே பேராசிரியரின் குரல் வந்தது. "அவன் கேக்கறது சரி. பதில் சொல்லுங்க." என்னிடம் பேசும்போது வழக்கமாகச் சேர்க்கும் 'அம்மா' அதில் இல்லை.

யோசித்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன். "ஒருத்தர் சொன்னா ஆதாரமில்லீங்க. எங்க ஊர்ல வருசம் தப்பலாம், மாசம் தப்பலாம். ஆனா யாரு அண்ணன், யாரு தம்பிங்கறது தப்பவே தப்பாது. பத்து நாள் மூத்தவனா இருந்தாலும் அண்ணான்னுதான் கூப்புடுவாங்க. தெருவுல யாரு யார எப்படிக் கூப்புடறாங்கன்னு கேட்டு வரிசை போட்டுப் பாத்தேனுங்க. டி.சி.படி அண்ணனுக்கு முன்னாடியே பொறந்த தம்பியெல்லாம் இருக்கறான். எங்கம்மா சொன்னது அந்த வரிசையில சரியா உக்காருது."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "இத ஏன் கட்டுரையில எழுதல?"

"இதெல்லாம் எழுதறதான்னு..."

"இதுதாங்க ஆராய்ச்சி! மிச்சமெல்லாம் கதை. ஏரியத் தூக்கி ஓரமா வெச்சுட்டு முழுசா மாத்தி எழுதிட்டு வாங்க. ஏனோதானோன்னு எழுதினா திருப்பி மூஞ்சியிலயே அடிப்பேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. எனக்கோ பரிசு வாங்கியதுபோல் இருந்தது. அன்று மாலை பேருந்தில், பக்கத்துக்குப் பக்கம் அவர் சிவப்பு மையால் கோடிழுத்துத் திருப்பித் தந்த கட்டுரையை மடியில் விரித்தே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி, "பையன் பரீட்சையில கோட்ட உட்டுட்டானுங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். "இல்லீங்க, இது என்னோடது" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

கட்டுரையை மூன்று முறை மாற்றி எழுதினேன். இன்று எம்.ஏ. முடித்து, அண்ணன் தம்பி வரிசையை வைத்தே அதே துறையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் கட்டுரை வாசிக்கும் நாட்களில் நானும் கேள்வி கேட்கிறேன், யாருக்கும் சலுகை கிடையாது. பதில் சொல்லும் திறன் எனக்கு இருக்கிறது என்று நம்பி அன்று ஓர் இளைஞன் எழுந்து கேட்டானே, அதைவிடப் பெரிய மரியாதையை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் செய்ததில்லை.