பாய்ச்சல் எழுத்தும் வெரோனிகாவும்

ரெக்ஸுக்குச் சாய்ந்த எழுத்தென்றால் உயிர். அதிலும் தடித்துச் சாய்ந்த எழுத்து. உழவர்கரை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அவர் வரைந்துகொண்டிருந்த எழுத்துருவுக்கு 'பாய்ச்சல்' என்று பெயர். திறப்பு விழா, ஆடித் தள்ளுபடி, ஆட்டோவின் முதுகு என்று ஆளைக் கூவி அழைக்கவேண்டிய இடத்துக்கெல்லாம் அதுதான். "நேர் எழுத்தை ஒரு பட்டனைத் தட்டிச் சாய்ச்சா போச்சு" என்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா சாய்த்தால் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். தடித்தால் 'ண'வின் சுழி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் புதிதாகத்தான் வரையவேண்டும்.

வரைந்ததைச் சோதிக்க அவருக்கு இருந்த ஒரே ஆள் மனைவி வெரோனிகா. அவர் தாளை வாசல் கேட்டில் ஒட்டுவார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி மருந்துக்கடை ஓரம் நின்று படிப்பாள். எப்போதும் ஒரே வாசகம்தான்: "மாபெரும் திறப்பு விழா." படித்து முடித்து, "ட்ரே பியேன்" என்பாள். கன்னியர் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அவளிடம் மிஞ்சியிருந்தது இப்படி ஒன்றிரண்டு வார்த்தைதான். ரொம்ப நல்லாயிருக்கு என்று அர்த்தம். அதைக் கேட்டால்தான் மனுஷனுக்கு மத்தியானச் சோறு இறங்கும்.

ஒருநாள் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் பேனர் அடிக்கும் கமலக்கண்ணன், சோதித்துப் பார்க்க வாங்கிப்போன பாய்ச்சலிலேயே ஓர் இரங்கல் பேனரைத் தவறுதலாக அடித்துவிட்டான். பதறிப்போய் ரெக்ஸிடம் கொண்டுவந்து காட்டினான். 'கண்ணீர் அஞ்சலி' பந்தயத்துக்குக் கிளம்பியமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வெரோனிகா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று ரெக்ஸ் அதைக் கேட்டில் கட்டி அவளைக் கூப்பிட்டார்.

அவள் வழக்கமான இடத்தில் போய் நின்றாள். "மாபெரும் திறப்பு விழா," என்றாள். "ட்ரே பியேன்."

ரெக்ஸ் பேனரை அப்படியே விட்டு ஓடினார். ரோட்டைக் கடந்துபோய் அவள் கையைப் பிடித்தார். "வெரோ, அதுல என்னா எழுதியிருக்குன்னு தெரியுதா ஒனக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்ச நாளாவே எல்லாம் பொகையாத்தான் தெரியுதுங்க. சொன்னா எழுத்துலதான் கொறைன்னு மறுபடியும் மொதல்லேர்ந்து ஒக்காருவீங்க. கண்ணுல கத்தி வெப்பாங்கன்னு பயம் வேற."

"எழுத்து கெடக்குது கழுத. நாளைக்கே போறோம். நான் கூடவே இருக்கேன்."

சுழியையும் புள்ளியையும் உற்று உற்றுப் பார்த்தவர், பெண்டாட்டியின் கண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டார், பாவம். அது அவருக்கு ஆறவே இல்லை. டாக்டர் கண்புரை என்றார். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகும் ரெக்ஸ் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டார், ரசம் வைத்தார். உப்பு கூடத்தான் இருந்தது. அவள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் இனி பயமில்லை என்ற பிறகு புதுத்தாள் ஒன்றைக் கேட்டில் ஒட்டினார். என்ன வாசகம் என்று சொல்லவில்லை. வெரோனிகா மருந்துக்கடை ஓரம் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"கார்குழலி அழகு நிலையம்," என்றாள். ரெக்ஸ் மூச்சு விட்டார். அவள் விடவில்லை. "'கார்'ல ர எங்க போச்சு? வாலே இல்ல, ரெண்டு துணைக்காலா நிக்குது. சாய்வும் ஜாஸ்திங்க. பா பியேன்."

நல்லாயில்லை என்று அவள் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தெருவாசல் என்றும் பாராமல் ரெக்ஸ் அழுதுவிட்டார்.

வெரோனிகா ஓடிவந்தாள். "ஒரே ஒரு எழுத்துதானங்க. ஒரு வால இழுத்துவுட்டா சரியாயிடும். இதுக்குப் போயி அழுவாங்களா?"