ஒரு வீடு, இரண்டு அடுப்பு

காலை ஷிப்ட் பஸ்ஸில் வருகிற உங்களுக்குத் தெரியும். உத்திரமேரூரில் கிளம்பும் நம் கம்பெனி பஸ் திருப்புலிவனம் நிறுத்தத்தைத் தாண்டும்போது, ஓய்வு பெற்றுவிட்ட ஸ்டெல்லா அக்கா ரோட்டோரம் நின்று கையை ஆட்டுவார். டிரைவர் ஒரு ஹாரன் அடிப்பார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா அங்கே இல்லை. இன்றைக்காவது தூங்கட்டும் என்று பின் சீட்டில் யாரோ சொன்னார்கள். அக்காவாவது, தூங்குவதாவது! நிறுத்தம் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜோடி ஷூகூடத் தைத்து முடிக்கவில்லை, சூப்பர்வைசர் என் தோளைத் தொட்டு வெளியே கூப்பிட்டார். அக்கா குடியிருந்த வீட்டுக்காரர் பாய் போன் செய்திருந்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

நாங்கள் இருவரும் கல்யாணம் ஆகாதவர்கள். அக்கா தம்பி வீட்டில் இருந்தார், நான் தங்கை வீட்டில். இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்தது பஸ்ஸில் அந்த டபுள் சீட் ஒன்றுதான். அதில் உட்கார்ந்துதான் திட்டம் போட்டோம். ஐம்பத்தெட்டு வயதுவரை பி.எஃப். பணத்தைத் தொடுவதில்லை. அதன்பிறகு அந்தப் பணமும் மாதாமாதம் வரும் பென்ஷனுமாகச் சேர்ந்து ஒரு வீடு பிடிப்பது. அக்காவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. எனக்கு அந்த வாசனை வந்தாலே தலைவலி. "ஒரே வூடு, ரெண்டு அடுப்பு. அப்பதான்டி நமக்குள்ள சண்ட வராது" என்பார்.

நம் லைனில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் வேலையை விட்டு நின்றுவிடுவது, இரண்டு மாதம் கழித்து பி.எஃப்., பென்ஷன் பணம் எல்லாவற்றையும் வழித்து எடுப்பது, பிறகு அதே கேட்டில் புது ஆளாகச் சேர்வது. வழித்து எடுத்தால் பழைய வருஷங்கள் போயே போச்சு. மறுபடி பத்து வருஷம் சேர்ந்தால்தான் பென்ஷன். அக்காவும் ஒரு தடவை அப்படி நின்றவர்தான். அந்தப் பணத்தில் தம்பி தளம் போட்ட வீடு கட்டினான். குடிபோன அன்றைக்கு அக்காவின் பெட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். அதுதான் அக்காவுக்கு இடம். புது ஆளாக வந்து சேர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்போதுதான் என் பக்கத்து சீட்டுக்கு வந்தார்.

என் தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடியபோது நானும் நின்று எடுக்கலாம் என்று இருந்தேன். தங்கை வீட்டில் வேறு வழியில்லை என்றார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். படித்துவிட்டு, தட்டில் இருந்த கருவாட்டு முள்ளையெல்லாம் அதில் கொட்டி மடித்து என் கையில் கொடுத்தார்.

"போய் குப்பைல போட்டுட்டு கைய கழுவிக்கினு வா. கல்யாணத்துக்கு மோதிரம் போடு, ஒன் கெழத்தனத்தப் போடாத."

சிரித்துவிட்டேன். ஆனால் அது சிரித்து முடிகிற காரியமாக இல்லை. மோதிரம்தான் போட்டேன். தங்கை அன்றோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது? உத்திரமேரூரில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு வந்தேன். பரவாயில்லை, அக்கா இருக்கிறாரே என்று இருந்தது.

என்னைவிட அக்கா இரண்டு வயது மூத்தவர். பத்து வருஷம் முடித்து முதலில் அவர் ஓய்வு பெற்றார். முதல் பென்ஷன் வந்த அன்று எனக்கு போன் செய்தார். "கம்மிதான் கஸ்தூரி. ஆனா எவன் மூஞ்சியும் பாக்க வேணாம்ல." திருப்புலிவனத்தில் பாய் வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தார். நான் ஓய்வு பெற்றதும் அங்கேயே வந்துவிடுவதாகப் பேச்சு. சமையல் மேடையில் இந்தக் கோடியில் ஒரு அடுப்பு, அந்தக் கோடியில் ஒரு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். என் அடுப்பில் நான் சாம்பார் வைப்பேன், அவர் கருவாட்டை வறுத்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டேன் பார் என்று பெருமையடிப்பார். வாசனை எங்கேயும் போகாது. பொறுத்துக்கொள்வேன். வாரநாட்களில்தான் அவருக்குப் பொழுது போகவில்லை. காலையில் எழுந்து குளித்து, வேலைக்குப் போகிற மாதிரியே தலைவாரிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார்.

அடக்கம் முடிந்ததும் தம்பி மகன் வந்து கட்டிலையும் பீரோவையும் அக்காவின் அடுப்பையும் வண்டியில் ஏற்றினான். நாமினியும் அவன்தான், அக்காவே எழுதிக்கொடுத்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் அக்காவின்மேல்தான். இறந்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், படுகிறேன். அவர் பேச்சைக் கேட்டுத் தங்கையை விட்டேன். கிழத்தனத்துக்குப் பணத்தைச் சேர்த்துவை என்றவர், கிழத்தனத்துக்குத் துணைக்கு இல்லாமல் போய்விட்டார். சேர்த்த பணம் இருக்கிறது, பென்ஷனும் வரும். ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை.

இந்தப் பங்குனியோடு எனக்கும் ஐம்பத்தெட்டு. பின்கட்டை வேறு ஆளுக்கு விட்டுவிடலாமாம்மா என்று பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். போய்ப் பார்த்தேன். அக்காவின் அடுப்பு இருந்த கோடி காலியாகக் கிடக்கிறது, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருக்கிறது. வெள்ளையடிக்க வேண்டாம் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன். கருவாட்டு வாசனை இன்னும் போகவில்லை. இப்போது அதில் எனக்குத் தலை வலிக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாசனையும், எவன் முகத்தையும் பார்க்காமல் இருக்கிற பிடிவாதமும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். பங்குனிக்குப் பிறகு காலையில் நான் எங்கே போகப்போகிறேன்? குளித்துத் தலைவாரிக்கொண்டு அந்த நிறுத்தத்துக்குத்தான் வருவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் கையை ஆட்டிவிட்டுப் போங்கள்.